தேக்கு எத்தனை கன அடி என்று கேட்பதற்கு முன்

பாகம் பிரிக்க அண்ணன் தம்பிகள் கூடும்போது ஊர் வீட்டுக்கு இரண்டு விலை பேசப்படும். மனைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. வீட்டுக்கென்று ஒரு விலை பேச்சில் வருவதே இல்லை. வேளச்சேரியிலும் அம்பத்தூரிலும் குடியிருந்துகொண்டு, மாயவரத்துக்கோ கும்பகோணத்துக்கோ மாதம் ஒருமுறை போய்ப் பூட்டைத் திறந்து பெருக்கிவிட்டு வருவது எத்தனை நாளைக்கு நடக்கும்? கடைசியில் ஒரு பழைய மர வியாபாரி வருவார். கூடத்தில் நின்று மேலே பார்ப்பார். "மரம் மட்டும் தேறும் சார், சுவரெல்லாம் வெறும் மண்ணு" என்பார். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் மிச்சமிருக்கும் வீடுகளுக்கும் இதே ஆள், இதே வசனம்.

அவர் கணக்கிலிருந்தே தொடங்குவோம். அதைத் தெரிந்துகொண்டால்தான் அதில் விடுபடுவது எது என்று தெரியும்.

அறுத்த மரத்துக்கு அகலம் அங்குலத்தில், உயரம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. கடைக்காரர்கள் சி.எஃப்.டி. என்பார்கள். 20 அடி நீளம், 10 அடி அகலமுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாக 14 குறுக்குக் கட்டைகள். ஒவ்வொன்றும் 3-க்கு 5 அங்குலம். இரண்டு பக்கமும் சுவருக்குள் அரை அடி போவதால் நீளம் 11 அடி. ஒரு கட்டை 1.15 கன அடி, 14-ம் சேர்ந்து 16. தாழ்வாரத்தில் 8-க்கு 10 அங்குலத்தில் 12 அடி உத்தரம் இரண்டு இருந்தால் அவை 13 கன அடிக்குச் சற்று மேல். 8 அங்குல விட்டமுள்ள எட்டடித் தூண் நான்கு: 11 கன அடி. ஆக மொத்தம் 40 கன அடி.

தூணில்தான் கவனம் வேண்டும். உருட்டு மரத்தை அளக்கும் பழைய முறையில் சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். காட்டிலிருந்து வரும் முழு மரத்துக்கு அது சரி. அறுக்கும்போது போகிற சேதாரத்துக்கான கழிவு அதிலேயே அடங்கியிருக்கிறது. கடைந்து முடித்த தூணை அப்படி அளந்தால் உண்மையான கன அளவில் 78.5 விழுக்காடுதான் வரும். மேலே சொன்ன நான்கு தூண்களில் இரண்டரை கன அடி நாடாவிலேயே காணாமல் போய்விடும். விற்பதுதான் முடிவு என்றால் அளவு நாடா உங்கள் கையில் இருக்கட்டும். "மொத்தமா ஒரு தொகை" என்ற பேச்சே வேண்டாம்.

அந்த 40 கன அடி வெளியே போனபின் என்ன ஆகிறது? சுவருக்குள் இருந்த முனைகள் வெட்டப்பட்டு 11 அடிக் கட்டை 10 அடியாகும். ஆணித் துளை, காடி வெட்டிய இடமெல்லாம் கழியும். 3-க்கு 5 கட்டையிலிருந்து அகலப் பலகை எடுக்க முடியாது. புது அடுக்ககத்தின் கதவு நிலையாகவோ ஜன்னல் சட்டமாகவோ போகும். தூணும், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரியான பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எங்காவது ஒரு விடுதி வரவேற்பறையில் எதையும் தாங்காமல் நிற்கும். ஒரு கூரையைத் தாங்கிய அமைப்பு முழுதாக இருந்தபோது இருந்த மதிப்பு, பிரித்த துண்டுகளைக் கூட்டினால் வராது.

பாரம்பரிய மதிப்பு என்றதும் 'அழகா இருக்கு' என்பதைத் தாண்டி நாம் யோசிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற சின்ன ஊரில் 1979-இல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம் இதை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. நம் வீட்டுக்கும் இந்தப் பிரிப்பு நன்றாகப் பொருந்தும். இதில் நம்மவர்கள் கோட்டை விடுவது 'அறிவியல்' என்ற இடத்தில். ஒரு மரம் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது, அடுத்த மரத்தோடு எந்த இணைப்பில் நிற்கிறது, அதன் தலையில் என்ன எடை, நூறு மழைக்காலம் அதை என்ன செய்தது என்பதெல்லாம் வீடு நிற்கும்வரைதான் படிக்கக் கிடைக்கும்.

மரமே ஒரு ஆவணம்தான். மௌல்மீன் 1826-லும், கீழ்ப் பர்மா முழுவதும் 1852-லும், மேல் பர்மா 1885-86-லும் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. அந்தத் துறைமுகங்களிலிருந்து தேக்கு கப்பலேறி நம் கரைக்கு வந்தது. நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் அதற்கடுத்த வெளிர்நிற மரமான வெள்ளையையும் சுற்றி வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் அப்படியே காயவிட்டுப் பிறகுதான் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, ஆற்றில் விட வேண்டுமானால் காய்ந்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. ஆக, பர்மாத் தேக்கு நின்ற நிலையிலேயே பதப்பட்டு வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. 2014 ஏப்ரலில் மியான்மர் அறுக்காத உருட்டு மர ஏற்றுமதிக்கே தடை போட்டது. இன்று கடையில் வாங்கும் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், உள்ளே இறுகிய மரமான வைரம் குறைவு. அந்த வயது மரம், அந்த நீளத்தில், அந்தக் கனத்தில் இனி வராது.

எல்லாமே தேக்காக இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சிற்றூர் வீட்டில் ஓட்டுக் கூரையைச் சாய்வாகத் தாங்கும் கைமரம் பெரும்பாலும் பனை. தூணில் வேங்கையோ பலாவோ இருக்கும், ஜன்னல் சட்டத்தில் வேம்பு, கதவில் மட்டும் தேக்கு. உள்மறைவான ஓரிடத்தில் உளியால் மெல்லிய சீவல் எடுத்துப் பாருங்கள். தேக்கு பொன்பழுப்பு, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், பதப்படுத்திய தோலின் வாசம் வரும். வேங்கைச் சீவலை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும். பலா வெட்டிய இடத்தில் மஞ்சள், நாள்பட்டால் பழுப்பு. பனைக்கு இலக்கணமே வேறு: வைரம் வெளியே, மெத்தென்ற சோறு உள்ளே. உள்ளே உளுத்துக் கூடாகிப்போன பனங்கைகூட வெளிவட்டம் கெட்டியாக இருந்தால் இன்னும் எடை தாங்கும். தேக்கில் நேர் எதிர். வெளி வெள்ளையைப் பூச்சி தின்று மாவாக்கியிருந்தாலும் உள்ளே வைரம் அப்படியே இருக்கும். மேலே மாவு கொட்டுகிறது என்று நல்ல உத்தரத்தைக் கழித்துவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

காலத்தைக் கணிக்க வெட்டுத் தடத்தைப் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். குழி ரம்பத்தில் இருவர் இழுத்து அறுத்த மரத்தில் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி சீரில்லாமல் இருக்கும். ஆலையில் வட்ட ரம்பத்தில் அறுத்ததில் கோடு வில்போல் வளையும். தச்சரின் செதுக்கும் கருவியான வாய்ச்சியால் செதுக்கிய பரப்பில் சின்னச் சின்னக் குழிவுகள். ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஓட்டின் அடியில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். ஆனால் ஓடு மாற்றக்கூடியது. முத்திரை ஓட்டின் வயதைச் சொல்லும், வீட்டின் வயதைச் சொல்லாது. அதற்குப் பழைய பத்திரமும் நகராட்சி வீட்டுவரி ரசீதும்தான் துணை.

இனி பழுது. மர வீடு மரத்தால் விழுவதில்லை, தண்ணீரால் விழுகிறது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வேலை செய்யாது. ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலையில்லை. அதோடு ஒரு குத்தூசி, தட்டிப் பார்க்க ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மட்ட நூல், டார்ச். கார்த்திகை மழை நின்ற மறுநாள் பார்ப்பதுதான் சரியான பார்வை. சித்திரை வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் குறுக்குக் கட்டை சுவருக்குள் நுழையும் இடம். மேலே கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விட்டால் தண்ணீர் நேராகக் கட்டையின் முனைக்கு இறங்கும். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதும் வெட்டு முனை வழியாகத்தான். கட்டையை நடுவிலிருந்து சுவர் நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி 'தொப் தொப்' என்று மாறும் இடம் கெட்ட இடம். சுவரோரம் குத்தூசியை அழுத்துங்கள். கால் அங்குலம் வரை இறங்கினால் மேல்தோல் மட்டும். எதிர்ப்பே இல்லாமல் ஒரு அங்குலம் போனால் அந்த முனை போய்விட்டது.

அடுத்து முற்றத்தைச் சுற்றிய ஓட்டுக் கூரையின் நான்கு மூலை. இரண்டு சரிவும் சேரும் ஓடையில் போட்ட தகரம் துருப்பிடித்து, மூலைக் கைமரம்தான் வீட்டிலேயே முதலில் போகும். ஓடைத் தகரம் குறைந்தது ஒன்றரை அடி அகலம் இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் நன்றாக ஏறட்டும். ஆவணி, புரட்டாசியில் இலைக்குப்பையை வாரிவிட்டாலே பாதி ஆயுள் கூடும்.

மூன்றாவது, தூணின் அடி. இது சென்னைக்கே உரிய வியாதி. இப்போது மற்ற ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. மரத்தூண் தரையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அடியில் பீடக்கல் வைத்தார்கள். தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. மழைநீர் திண்ணைக்கு வந்தது. வீட்டுக்காரர் உள்ளே தரையை உயர்த்தினார். பீடக்கல் புதைந்தது. தூணைச் சுற்றி டைல்ஸ், அதற்கு வெள்ளைச் சிமென்ட் பூச்சு. வாரம் இரண்டு முறை தரை கழுவும் தண்ணீர் தூணின் அடியில் தேங்குகிறது; கரையானுக்கும் அங்கேயே பாதை. நூறு வருஷம் கெடாத தூண் பத்து வருஷத்தில் அடி இற்றுப்போக இதுவே போதும்.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. தூணைச் சுற்றி மூன்று அங்குலம் விட்டுத் தரையை வெட்டி, பீடக்கல்லின் தலை தெரியும்வரை திறந்துவிடுங்கள். அடி இற்றுப்போயிருந்தால் பக்கத்தில் உத்தரத்துக்கு முட்டு கொடுத்து, நல்ல மரம் வரும்வரை அடியை அறுத்து, அந்த உயரத்துக்குக் கருங்கல் பீடமாகவே வைத்துவிடலாம். ஆறு அங்குலம் கல் கூடியது கண்ணுக்குத் தெரியும். தெரியட்டும். மரத்தை ஒட்டுப்போட்டுச் சாயம் பூசி மறைப்பதைவிட இது நேர்மையான பழுதுபார்ப்பு, ஈரமும் ஏறாது.

மெட்ராஸ் டெரஸுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய இந்தத் தளத்தைச் சென்னையில் வேகமாக இழந்துகொண்டிருக்கிறோம். தேக்குக் கட்டைகளுக்கு மேல், சாதாரணச் செங்கல்லைவிடச் சிறிய, ஒரு அங்குலக் கனமுள்ள டெரஸ் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, கட்டைகளுக்கு 45 பாகைச் சாய்வில் வரிசையாக அடுக்குவார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தியதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும். கீழே பலகைச் சாரம் தேவைப்படாது. அதன்மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. அதற்கும் மேலே தட்டோடு, அல்லது தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு.

எடை போட்டுப் பாருங்கள். செங்கல் வரிசை, சுருக்கி, ஓடு எல்லாம் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. நம் 200 சதுர அடிக் கூடத்தின் தலையில் 6 டன். அந்த 14 கட்டைகளும் இதைத் தாங்கத்தான் போடப்பட்டவை. கசிவு வந்ததும் நடப்பது என்ன? பழைய சுருக்கியை எடுக்காமல் அதன்மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட். சதுர அடிக்கு 11 கிலோ கூடுகிறது. கூடத்துக்கு 2 டன்னுக்கும் மேல். ஐந்து வருஷம் கழித்து மறுபடி கசியும், மறுபடி ஒரு படலம். அதன்மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதுவும் நட்டநடுவில். பிறகு 'மரம் தொங்கிப்போச்சு, பழைய வீடு, இனி தாங்காது' என்று தீர்ப்பு.

எடையைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். வெயிலில் நீளும், இரவில் சுருங்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். சிமென்ட் வளையாது, முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுருக்கியிலேயே தங்கி, மெல்லக் கீழிறங்கிக் கட்டையின் மேல்முகத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கீழிருந்து பார்த்தால் கட்டை பளபளவென்று இருக்கும், மேல்முகம் சோறாகியிருக்கும். பிளாஸ்டிக் மாதிரி ஒட்டும் ரசாயனப் பூச்சுகளும் ஈரமான தளத்தின்மேல் அடித்தால் இதே வேலையைத்தான் செய்யும்.

சரியான வழி: சிமென்ட் படலங்களையும் பழைய சுருக்கியையும் செங்கல் வரிசை வரை கையால், சிற்றுளியால் எடுக்க வேண்டும். இடிப்பு மெஷின் வைத்தால் அதிர்வில் செங்கல் வரிசை நெகிழ்ந்து கல் கல்லாக உதிரும். ஒரே நாளில் முழுக்கத் திறக்காமல் கட்டைக்குக் குறுக்காக, பட்டை பட்டையாகத் திறங்கள். புதுச் சுருக்கிக்குத் தமிழ்நாடு பொதுப்பணித்துறையின் பழைய அளவு இன்றும் செல்லும்: 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுத்தமான நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு, கன அளவில். மணல் சேர்க்கக்கூடாது. ஜல்லி நன்கு வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்கட்டும். கலக்குமுன் தண்ணீரில் ஊறட்டும். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு வராது.

நான்கு அங்குலம் பரப்பி, மரக்கட்டையால் அடித்து அடித்து மூன்று அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் வேலை இல்லை, ஏழு நாளாவது அடிக்க வேண்டும். அடிக்கும்போது தெளிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கட்டை பட்டதும் தளம் குழியாமல் எகிறினால் போதும் என்று அர்த்தம். இந்த அடிதான் தளத்தின் உயிர். கூலி மிச்சம் பிடிக்க இரண்டு நாளில் நிறுத்தினால் உள்ளே இடைவெளி நின்று, தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடும். சாய்வு பத்தடிக்கு இரண்டு அங்குலம், மழைநீர் வெளியேறும் தூம்பை நோக்கி. கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் ஆறங்குல உயரத்துக்கு, மூலையை வளைவாக நிரப்பும் உருட்டு விளிம்பு கட்டாயம். கட்டை முனைகளைக் காப்பது அதுதான். வேலைக்கு உகந்த காலம் தை, மாசி. சித்திரையில் போட்டால் சுண்ணாம்பு இறுகுமுன் காய்ந்து வெடிக்கும்; அப்போது வேறு வழியில்லை என்றால் ஈரச்சாக்கு போர்த்தித்தான் ஆக வேண்டும். சுண்ணாம்பு வாங்கும்போது பையில் வரும் வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைத் தலையில் கட்டுவார்கள். கிளிஞ்சலோ கல்லோ, சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டிலேயே நீர்க்க வைத்து, சலித்துப் பயன்படுத்துவது நல்லது.

தொய்வைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தடிக் கட்டை நூறு வருஷம் எடை தாங்கினால் நடுவில் ஒரு அங்குலம் தொய்ந்திருப்பது வியப்பில்லை. கேட்க வேண்டியது, தொய்வு இன்னும் கூடுகிறதா என்பதை. சுவருக்குச் சுவர் மட்ட நூல் கட்டி ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. இரண்டு அளவும் ஒன்றென்றால் அது பழைய தொய்வு, விட்டுவிடலாம். பக்கத்துக் கட்டைகளைவிட ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அதன் முனையை உடனே பாருங்கள். ஜாக்கி வைத்துத் தொய்வை நிமிர்த்துகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கட்டை நிமிரும், மேலே செங்கல் வரிசை பிளக்கும்.

முனை இற்ற கட்டைக்கு இரண்டு வழி. சுவருக்குள் இருக்கும் பகுதி மட்டும் கெட்டிருந்தால் கட்டையைத் தொடவே வேண்டாம். சுவரோரமாகக் கட்டைகளுக்குக் கீழே ஒரு தேக்கு உத்தரமோ இரும்புச் சட்டமோ கொடுத்து, அதைச் சுவரில் பதித்த கல் தாங்கிகளில் உட்கார வையுங்கள். எடை புது இடத்தில் இறங்கும், பழைய மரம் முழுதாக நிற்கும். கெடுதல் ஓரடிக்கு மேல் உள்ளே வந்திருந்தால் இரண்டாவது வழி. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வரிசையாக முட்டு. முட்டின் அடியில் பலகை, தலையில் குறுக்குச் சட்டம். இறுக்கமாக நிற்க வேண்டும், தூக்கக்கூடாது. கெட்டதை அறுத்துவிட்டு, அதே அளவில் காய்ந்த பழைய தேக்குத் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, வெட்டுக்கு இரு புறமும் ஒன்றரை அடியாவது போகும்படி, துருப்பிடிக்காத 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் பிணைப்பது வழக்கம். உங்கள் வீட்டு எடைக்குத் தகட்டின் அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தரட்டும். புது முனையைச் சுவரில் விடும்போது அடியில் ஒரு கல் துண்டு. பக்கவாட்டிலும் முனையிலும் அரை அங்குலம் காற்று இடைவெளி. கொத்தனார் பழக்கத்தில் அந்த இடைவெளியைச் சிமென்ட்டால் அடைக்கப் பார்ப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

கரையானுக்கு: மண் குழாய் தெரிந்ததும் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தெளிப்பது பயனில்லை. கூடு நிலத்தில் இருக்கிறது, வீட்டுக்கு வெளியேகூட இருக்கலாம். சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை, 45 பாகைச் சாய்வாகக் கீழ்நோக்கி. துளைக்கு ஒரு லிட்டர் வரை கரைசல், பிறகு துளையை அடைக்க வேண்டும். இமிடாகுளோபிரிட் 30.5 விழுக்காடு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. முற்றத்துக் கிணறு உள்ள வீட்டில் கிணற்றை ஒட்டிய சுவர்களில் இதைச் செய்யவே கூடாது. மரத்தில் மாவு கொட்டினால் அது வேறு பூச்சி, நிலத்து மருந்து அதைத் தொடாது. அதற்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை, எண்ணெயும் வர்ணமும் நீக்கிய வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை பூச வேண்டும்.

வர்ணத்தை எடுக்கக் காஸ்டிக் சோடா வேண்டாம், தேக்கு கறுத்துவிடும். சூட்டுக் காற்றுக் கருவியும் சுரண்டியும் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், முகமூடி இல்லாமல் உப்புத்தாள் தேய்க்காதீர்கள். கைமரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். கண்ணில் படும் தூணுக்கு ஆளிவிதை எண்ணெய், முதல் பூச்சில் சரிபாதி டர்பன்டைன். வார்னிஷ் போட்டு மினுக்குவது என் ருசிக்கு ஒவ்வாது. வெயில் படும் திண்ணைத் தூணில் அது இரண்டே வருஷத்தில் உரியும்.

சட்டப் பாதுகாப்பைப் பெரிதாக நம்ப வேண்டாம். நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் அடையாளம் கண்ட பாரம்பரியக் கட்டடங்கள் 467. அண்ணா சாலையில் பாதி இடித்த நிலையில் வழக்கால் தப்பிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் மாதிரியானவற்றுக்கு அந்தப் பட்டியல் கவசம். சாதாரண மாட வீதி வீடு அதில் வராது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. பெயர் சேராதவரை அதுவும் உங்கள் வீட்டைத் தேடி வராது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயிலுக்கு 100 மீட்டருக்குள் வீடு இருந்தால் புதுக் கட்டுமானமே கூடாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டரில் கட்டுவதற்கும் அனுமதி. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் மனை விலை பேசுகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். இடித்தபின் அங்கே எதுவும் எழுப்ப முடியாமல் போகலாம். இன்னொன்று: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் நூறு வயதைக் கடந்திருந்தால் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு வழியே இல்லை.

அக்ரகாரமோ செட்டித்தெருவோ, ஒட்டு வரிசையில் உள்ள வீடென்றால் பொதுச்சுவரை மறக்காதீர்கள். பல இடங்களில் ஒரே சுவரில் இந்தப் பக்கக் கட்டையும் அந்தப் பக்கக் கட்டையும் உட்கார்ந்திருக்கும். உங்கள் வீட்டை இடித்தால், பூச்சே காணாத அந்தச் சுவர் முதல் ஐப்பசி மழையில் நேராக நனையும். பக்கத்து வீட்டுக் கட்டை முனைகள் அதற்குள் இருக்கின்றன. இடிக்குமுன் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் தலையில் மூடுகல்லும் போட்டுத் தருவதாக எழுத்தில் கொடுங்கள். வரிசையில் ஒரு வீடு போனபின் மற்றவை அடுத்தடுத்துப் போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஈரம்.

எல்லாம் யோசித்தும் பிரிப்பதுதான் வழி என்றால், துண்டு துண்டாக விற்காமல் முழு அமைப்பாகப் பிரியுங்கள். முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் கேரளத்தின் மர வீடும் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பிரிப்பதற்கு முன் இரண்டு பேர் ஒரு நாள் செலவழித்தால் தரைப்படமும் ஒரு குறுக்குவெட்டுப் படமும் போட்டுவிடலாம். பிறகு எண். கூடத்துத் தூண் 'கூ-தூ-1', தாழ்வாரத்து உத்தரம் 'தா-உ-2' என்ற மாதிரி, வாசலிலிருந்து வலச்சுற்றாக. சாக்பீஸ் மழையில் போய்விடும், பெயின்ட் மரத்தைக் கெடுக்கும். சின்ன அலுமினியத் தகட்டில் எண்ணைக் குத்தி, மறையும் முகத்தில் ஒரே ஒரு பித்தளை ஆணியால் அடியுங்கள். பழைய தச்சர் பூட்டுகளில் உளியால் வெட்டிய கோடுகள் இருந்தால் அவற்றையும் படமெடுத்துவிடுங்கள். எது எதோடு சேரும் என்பதற்கு அவர் வைத்த எண்கள் அவை.

இறக்கும் வரிசை ஏற்றியதற்கு நேர் எதிர்: ஓடு, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம், கைமரம், உத்தரம், போதிகை, கடைசியில் தூண். மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்து அடுத்த மரத்தின் துளையில் இறுகியிருந்தால் கடப்பாரை போடாமல் முதலில் மர முளையைப் பின்பக்கமிருந்து தட்டி எடுங்கள். நூறு சதுர அடிக் கூரைக்கு மங்களூர் ஓடு 140 முதல் 150 வரும்; உடைசலுக்குப் பத்து விழுக்காடு கழித்தே கணக்கு வையுங்கள். இறக்கிய மரத்தைத் தரையில் போடாமல் ஒரு அடி உயரத்தில், இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, அடுக்குக்கு அடுக்கு காற்றுப் போகும்படி நிழலில் அடுக்குங்கள். மேலே தார்ப்பாய் போட்டால் பக்கங்களைத் திறந்து விடுங்கள். சுற்றி இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் ஒரு மழைக்காலம் கிடந்த தேக்கில் பூஞ்சை படர்ந்திருக்கும்.